வளைவுக்கு முன்னால் வரும் வெளிச்சம்

எனக்குக் கண் தெரியவில்லை என்று ஊர் முடிவு செய்தபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நடந்தது, ஆறு மணிக்குள் ஊர்ப் பேச்சாகி, சாப்பிட உட்காரும்போது என் வீட்டுக்காரர் வாயில் தீர்ப்பாகவே வந்துவிட்டது.

"திங்கக்கெழம ஒரு டிரைவர் வர்றான். ஒட்டன்சத்திரத்துல சொல்லி வச்சாச்சு. இனிமே நீ வண்டிய எடுக்க வேணாம்" என்றார்.

நான் ஜீப் ஓட்டுகிறவள். கொடைக்கானலுக்கும் மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே பதினைந்து வருஷமாக ஓட்டுகிறேன். காலையில் சனத்தையும் பூண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவேன். சாயங்காலம் அதே சனத்தை, பலசரக்குப் பைகளோடு திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். வண்டியை வாங்கியது என் வீட்டுக்காரர்தான். வாங்கிய பிறகுதான் தனக்கு வளைவில் தலை சுற்றும், வாந்தி வரும் என்று தெரிந்துகொண்டார். மூன்று மாதம் அது வாசலில் கோழி அடைய நின்றது. பார்க்கப் பொறுக்காமல் நான் வத்தலக்குண்டில் சித்தி வீட்டில் தங்கி ஓட்டக் கற்று, லைசென்ஸோடு வந்தேன்.

முதல் மாதம் என் வண்டியில் இரண்டே பேர்தான் ஏறினார்கள். ஒருத்தருக்குக் காது கேட்காது, இன்னொருத்தருக்கு அவசரம். மற்றவர்கள் ஸ்டாண்டில் நின்று, அடுத்த ஜீப் வரட்டும் என்று பொறுமையாக என் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அதையெல்லாம் தின்று செரித்துத்தான் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். ஒரு வேளைச் சோற்று நேரத்தில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சோலையை ஒட்டி ஒரு ஏற்றம் இருக்கிறது. ஏற்றத்தின் நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் முன்னால் போகிற மாடு தெரியாது, வால்தான் தெரியும். ஏழு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு நான் ஏறிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து டவுனுக்கு இறங்குகிற சாயங்கால பஸ் வளைவை அகட்டி வெட்டிக்கொண்டு என் பக்கமே வந்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். முன்பக்க மட்கார்டு தடுப்புச் சுவரில் உரசி, வண்டி நின்றது. உள்ளே ஒரு பெரியம்மாவுக்கு முன் சீட்டுக் கம்பியில் இடித்து உதடு கிழிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கண்ணு தெரியாட்டி வீட்ல கெடக்க வேண்டியதுதானம்மா! சனத்தக் கொல்லவா பாக்குற?" என்று கத்திவிட்டுப் போனார். என் பக்கத்துக்கு வந்தது அவர். கண் தெரியாதவள் நான். இந்தக் கணக்கு இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் என் வண்டியில் வழக்கம்போல ஏறினார்கள். சாயங்காலம் டவுன் ஸ்டாண்டில் ஒருத்தரும் ஏறவில்லை. ஒருத்தி பேக்கரிப் பக்கம் பார்த்தாள், ஒருத்தி செருப்பைப் பார்த்தாள். அப்படியே ஒவ்வொருத்தராக என் கொழுந்தனார் வண்டிக்குப் போனார்கள். கொழுந்தனார் என் வீட்டுக்காரரின் தம்பி. அவரும் அதே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறார், என்னுடையதைவிடப் புது வண்டி. கெட்ட மனுஷர் கிடையாது. ஆனால் சீட்டு நிறைவதைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த மரியாதையான வருத்தம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மதினி, நீங்க மெதுவா முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றேன்" என்றார்.

"எதுக்கு? வழி தெரியாமப் போயிருவேன்னா?" என்று கேட்டுவிட்டுக் காலி வண்டியைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் எனக்குள் சண்டைதான். காலையில் தெரிகிற கண் சாயங்காலம் தெரியாமல் போகுமா? ஆனால் ஒரு சந்தேகமும் கூடவே உட்கார்ந்திருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊசியில் நூல் கோர்க்க இப்போது இரண்டு தடவை முயற்சி செய்யவேண்டி இருக்கிறது. ஒருவேளை அவர்கள் சொல்வது நிஜமாக இருந்தால்? பஸ் என்னைப் பயமுறுத்தியதைவிட அந்த நினைப்பு என்னை அதிகம் பயமுறுத்தியது.

சோலை ஏற்றம் வந்தது. நல்ல மூட்டம். வளைவுக்குக் கீழே இடது பக்கம் அகலமான இடத்தில் வண்டியை ஒதுக்கினேன். விளக்கை அணைக்காமல், எஞ்சினை நிறுத்தாமல், கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு, நடந்து வளைவைச் சுற்றி மேலே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், அந்த பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என்ன தெரியும் என்று பார்க்கத்தான்.

எங்கள் சாலையில் ஒரு முறை உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் வளைவுக்கு மேலேயே நின்று, விளக்கைத் தாழ்த்திவிட்டு, ஏறுகிறவனைப் போகவிட வேண்டும். பாரம் ஏற்றி ஏறுகிற வண்டியை நடுவில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது பெரும்பாடு என்பதால் வந்த முறை. சரி, ஏறுகிறவன் வருவது இறங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஹாரனை மூட்டத்தில் நம்ப முடியாது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாது. வெளிச்சம்தான் சொல்லும். வண்டி வளைவுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் வெளிச்சம் வந்து மூட்டத்தை மஞ்சளாக்கும். அதைப் பார்த்ததும் இறங்குகிறவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். நானே எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறேன்.

வளைவுக்கு மேலே நின்று பார்த்தேன். கீழே என் வண்டி விளக்கோடு நிற்கிறது. இங்கே மூட்டம் வெள்ளையாகத்தான் இருந்தது. துளி மஞ்சள் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், சேலைத் தலைப்பால் முகத்தையே துடைத்துவிட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் கேட்கிறது. வண்டி இருப்பதற்கு வேறு அடையாளமே இல்லை.

அப்போது மூட்டத்தின் அடிப்பக்கம் மஞ்சளாக ஆரம்பித்தது. மஞ்சள் கூடிக்கொண்டே வந்து வளைவு முழுக்கப் பரவியது. அதற்கப்புறம்தான் கொழுந்தனார் ஜீப்பின் சத்தம் தனியாகக் கேட்டது, அதற்கும் அப்புறம்தான் ஜீப் வந்தது. நான் சாலையோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த ஏழு பொம்பளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

"மதினி, இங்கன என்ன செய்றீங்க?" என்று பதறிப்போய் வண்டியை நிறுத்தினார் கொழுந்தனார்.

"வெளிச்சம் பாக்குறேன்" என்றேன்.

கண் போனவளுக்குப் புத்தியும் போய்விட்டது என்று அன்று ராத்திரியே ஊருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பஸ்ஸை நான் பார்க்காமல் போகவில்லை, பஸ் என்னைப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக நான் யாருக்கும் தெரியாமலே அந்த வளைவில் ஏறிக்கொண்டிருந்தேனோ!

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். முதலில் கண்ணாடிக் கடை. பரிசோதிக்கிற பிள்ளை ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே அச்சடித்தவன் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். "தூரப் பார்வை சூப்பரா இருக்கும்மா. கிட்டப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கங்க" என்றாள். எழுதிக் கொடு தாயி என்று கேட்டு வாங்கி, சட்டம் போட்டு மாட்டாத குறையாக மடித்து வைத்துக்கொண்டேன். கிட்டத்துக்கு ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கிற பாய் கடை. பாய் அதிகம் பேசாதவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். அப்புறம் விளக்கைப் போடச் சொல்லி, பல்பு மாட்டுகிற ஹோல்டரில் வைத்தார்.

"பாருங்க தங்கச்சி. பேட்டரி குடுக்குறது பன்னெண்டரை வோல்ட்டு. பல்புக்குப் போய்ச் சேருறது ஒம்பதே சொச்சம். மிச்சத்த வழியிலயே வயரு தின்னுருது."

எனக்குப் புரியும்படி அவரே விளக்கினார். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் நேராகப் பல்புக்குப் போவதில்லை. உள்ளே ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சுக்குப் போய், அங்கேயிருந்து டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், அப்புறம் மறுபடி முன்னால் வர வேண்டும். அவ்வளவு தூரமும் ஒல்லி வயர், அதிலும் பாதி இடத்தில் பச்சைக் களிம்பு. போதாததற்கு மூட்டத்தில் நாங்கள் முதல் கியரில் ஊர்ந்து போவோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவும் சரியாகக் கொடுக்காது. வெளிச்சம் எப்போது அதிகமாக வேண்டுமோ அப்போதுதான் அது குறைகிறது.

"ரிலே வச்சுத் தடிச்ச வயரு தனியா இழுத்துரலாம். அறுபது வாட்ஸ் ஹாலஜன் போடுவோம், போதும். ரெண்டு மணி நேரம் உக்காருங்க" என்றார்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். மணி அப்போதே பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. சாயங்காலம் ஸ்டாண்டில் நான் நிற்காவிட்டால், அவள் பயந்து ஒதுங்கிவிட்டாள் என்று ஆகிவிடும். "சாமானைக் குடுங்க பாய், நானே மாட்டிக்கிறேன். எனக்கு அறுபது பத்தாது, நூறு வாட்ஸ் ஒரு சோடி குடுங்க" என்றேன்.

"நூறு ரோட்டுக்கு ஆகாது தங்கச்சி. எதுக்க வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சுரும், போலீசும் புடிப்பான். ஒங்க வயரும் தாங்காது."

"அந்த பஸ்காரனுக்குக் கண்ணு கூசணும் பாய். அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வயர், ரிலே, ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர், அறுபது வாட்ஸ் சோடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். நூறு வாட்ஸை மட்டும் தனியாகக் கையில் கொடுத்தார். கடை வாசலிலேயே, பழைய ஹோல்டரில், நூறை மாட்டினேன். பல்பு மாற்ற ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வயர் வேலையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மலை ஏறினேன்.

கொடைக்கானல் வரை பகல் வெளிச்சத்திலேயே வந்துவிட்டேன். ஸ்டாண்டில் அன்றும் யாரும் ஏறவில்லை. டவுனைத் தாண்டி பைன் காடு வந்ததும் மூட்டம் சேர்ந்தது, விளக்கைப் போட்டேன். அடேயப்பா! ரோடு ரோடாகத் தெரிந்தது. சாலையோரக் கல்லெல்லாம் எண்ணலாம் போல இருந்தது. நான் தனியாகவே "பாத்துக்கங்கடா!" என்று சத்தம் போட்டேன். ஒரு பத்து நிமிஷம் மகாராணி மாதிரிப் போனேன்.

அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு நூல் புகை கிளம்பியது. என்ன என்று குனிவதற்குள் இடது விளக்கு அணைந்தது, ரெண்டு மூச்சு விடுவதற்குள் வலதும் போனது. சுவிட்சை அணைத்து, வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்ததில்லை, ஆத்திரத்தில் வந்தது. என்மேலேயே வந்த ஆத்திரம். பாய் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். வழிவிடச் சொல்வதற்கு வெளிச்சம் கேட்டுப் போனவள், பழிவாங்குவதற்கு வெளிச்சம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொழுந்தனார் ஜீப் வந்தது. அவர் இறங்கி, முகர்ந்து பார்த்து, தன் வண்டியை என் வண்டிக்கு முன்னால் நிறுத்தினார். பேட்டரி வயரை மறுபடி மாட்டி, விளக்குச் சுவிட்சைத் தொடாமல், அவருடைய பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊர் வரை போனேன். வீட்டு வாசலில், "மதினி, இத்தன வருசம் ஓட்டிட்டீங்க. போதும், விடுங்களேன்" என்றார். அவர் குரலில் கேலியே இல்லை. கேலி செய்திருந்தால்கூட பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடிக் கடைச் சீட்டையும் படித்துப் பார்த்தார். "இது செவுத்துல இருக்குற எழுத்து. மூட்டத்துல எவன் எழுதி வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டேன். ஹோல்டர் ரெண்டும் வெல்லப்பாகு மாதிரி உருகி இறுகியிருந்தன. வயரின் மேல்தோல் கருகி, தொட்டால் உதிர்ந்தது. போனில் பாயைக் கூப்பிட்டேன். அவர் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவர் கடையை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொல்ல, நான் செய்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

கருகிய இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு உள்ளே புது வயர் ஒட்டினேன். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர், அதன் தலையிலேயே ஃபியூஸ். அங்கேயிருந்து ரிலே ரெண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயிலிருந்து தடித்த வயர் நேராகப் பல்புக்கு. சுவிட்சிலிருந்து வருகிற ஒல்லி வயருக்கு இனிமேல் ஒரே வேலைதான். விளக்கைப் போடு என்று ரிலேயிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாரத்தைச் சுமப்பது தடித்த வயர். சொல்கிறவர் ஒருத்தர், சுமக்கிறவர் ஒருத்தர் என்பது எங்கள் வீட்டிலும் நடைமுறையில் உள்ளதுதான் என்பதால் எனக்குச் சட்டென்று புரிந்தது.

அந்த வேலை முழுக்க எனக்குக் கண் தடுமாறிய ஒரே இடம் வயர் நுனியில் மாட்டுகிற சின்ன முனைகள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியோடு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, தண்ணிக்குப் போன ரெண்டு பேர், "கண்ணாடியே வந்துருச்சு பாத்தியா" என்று பேசிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

என் வீட்டுக்காரர் காபியைக் கொண்டுவந்து மட்கார்டு மேல் வைத்துவிட்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில டிரைவர் வந்துருவான். அவன் பாத்துக்கிற மாட்டானா? ஒனக்கு ஏன் இம்புட்டு வீம்பு?"

"வீம்புதான்" என்றேன். "பதினஞ்சு வருசமா ஒங்க வண்டிய ஓட்டுறேன். ஒங்களுக்குத் தலை சுத்துச்சு, எனக்குச் சுத்தல. ஒரு நாள் எவனோ ஒருத்தன் என் பக்கம் வந்து நின்னுக்கிட்டு என்னய ஏசுறான். வீட்டுக்கு வந்தா நீங்களும் அவன் பக்கம். நீங்க கேட்டிருக்க வேணாமா, என்னடி நடந்துச்சுன்னு?"

அவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "தீப்புடிக்காதுல்ல?" என்று கேட்டார். "புடிக்காது, ஃபியூஸ் இருக்கு" என்றேன். அப்புறம் அவராகவே வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பாடிக்கு எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டித் தகரம் தெரிய வைக்க வேண்டும் என்றேன். அதைச் சுரண்டிக் கொடுத்தார்.

மாட்டியது அறுபது வாட்ஸ்தான். நூறைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். கூட்டுறவுக் கடைச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சாக்பீஸில் கோடு போட்டு, டிம் போட்டால் வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறாதபடி திருகி வைத்தேன். எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான். மூட்டத்தில் பிரைட் போட்டால் நமக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும், அதனால் ஓட்டுவதெல்லாம் டிம்மில்தான். வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு தடவை பிரைட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கிவிட வேண்டும். அந்த ஒரு தடவைக்குத்தான் இத்தனை பாடும்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் டிரைவர் தம்பி பையோடு வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டியவன். வணக்கம் சொல்லிவிட்டுச் சாவிக்காக என் வீட்டுக்காரரைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

சாவி என் இடுப்பில் இருந்தது. "இன்னைக்கு நான் ஓட்டுறேன், தம்பி கூடவே வரட்டும்" என்றேன். "சாயங்காலம் அந்த வளைவுல எறங்குற பஸ்ஸு எனக்கு நிக்கணும். நிக்கலைன்னா நான் ஒதுங்கி நின்னுக்கிட்டு, அங்கேயே சாவிய இந்தத் தம்பி கையில குடுத்துட்டுப் பொடிநடையா வீட்டுக்கு வந்துர்றேன். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். நின்னுச்சுன்னா, தம்பி தங்கிட்டு நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறட்டும்."

கொழுந்தனார், டீக்கடைக்காரர், காலைச் சவாரிக்கு நின்றவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்தப் பேச்சை யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

"நானும் வர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். வளைவென்றால் வாந்தி எடுக்கிற மனுஷர், ரெண்டு எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

சாயங்காலம் டவுன் ஸ்டாண்டில் மூட்டம் மூன்றரைக்கே இறங்கிவிட்டது. கொழுந்தனார் வண்டி நிறைந்தது. என் வண்டியில் என் வீட்டுக்காரரும் அந்தத் தம்பியும் மட்டும். கிளம்பப் போகும்போது, வியாழக்கிழமை உதடு கிழிந்த அந்தப் பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் ஏறியது. உதட்டில் இன்னும் பொருக்கு இருந்தது.

"என்ன பெரியம்மா, பயம் இல்லையா?" என்றேன்.

"ஏத்தா, அன்னைக்கு நீ ஒடிக்காம இருந்திருந்தா நான் ஒதட்டோடயா போயிருப்பேன்? வெரசா எடு, வீட்ல சோலி கெடக்கு" என்றது.

சோலை ஏற்றம் வந்தது. என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கண்ணை மூடியிருந்தார். முதல் கியரில் ஏறினேன். டிம் வெளிச்சத்தில் சாலையின் இடது ஓரம் தெளிவாகத் தெரிந்தது. மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், மூட்டம் லேசாக வெளுத்து வந்தது. பஸ்தான், இறங்கிக்கொண்டிருந்தது.

வளைவுக்கு முன்னால் பிரைட்டைத் தூக்கினேன். மூட்டம் மொத்தமும் மஞ்சளாகி வளைவைச் சுற்றி மேலே போனது. என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. பிரைட்டை இறக்கினேன். மேலே இருந்த வெளுப்பு அசைந்து கொண்டேதான் இருந்தது. நிற்கமாட்டான் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு இவர்கள் முன்னால் எப்படி நடந்து போவேன் என்றும் நினைத்தேன். மறுபடி ஒரு தடவை தூக்கி இறக்கினேன்.

மேலே வெளிச்சம் சட்டென்று தாழ்ந்தது. ஏர் பிரேக் சீறுகிற சத்தம் கேட்டது.

நான் வளைவை ஏறித் திரும்பினேன். பஸ் ஒதுங்கி, முழுசாக வழிவிட்டு, விளக்கைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. அதே டிரைவர். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வா வா என்று அசைத்து, "வாங்கண்ணே, போங்கண்ணே" என்றார்.

அப்படியே போயிருக்கலாம். பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. ஆனால் அந்த "அண்ணே" என்னை விடவில்லை. அவர் ஜன்னலுக்கு நேரே வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தேன். என் தலைக்கு மேலே இருந்த சின்ன உள் விளக்கைப் போட்டேன். என் முகம், என் மூக்குத்தி, என் கை பிடித்திருந்த ஸ்டியரிங் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"ஓட்டுறது நான்தாங்க" என்றேன். "அன்னைக்கும் நான்தான். நாளைக்கும் நான்தான் வருவேன்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து அந்தத் தம்பி, "அக்கா, எடுங்கக்கா" என்றான். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "அவளுக்குத் தெரியும், எப்ப எடுக்கணும்னு" என்று அவனிடம் சொன்னார்.

நான் எடுக்கவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. பஸ் டிரைவர் நீட்டியிருந்த கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "போங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் முதல் கியர் போட்டேன்.